சிலந்தி வேண்டாம், சேவை போதும்: கம்போடியத் தெருக்கடைகள் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: பொங்கல் முடிந்ததும் நானும் கணவரும் அங்கோர் வாட் பார்க்கச் செல்கிறோம். தெருக்கடைகளில் சாப்பிட எங்களுக்கு ஆசை. ஆனால் யூடியூபில் எதைத் திறந்தாலும் பொரித்த சிலந்தியும் தேளுமாகவே இருக்கிறது. வேறு எதுவும் கிடைக்காதா?
*வாசகி, மேற்கு மாம்பலம்*

பதில்: சிலந்தி அங்கே அன்றாட உணவு அன்று. தலைநகர் புனோம் பென்னிலிருந்து சுமார் 75 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்குவோன் என்ற ஊர் அதற்குப் பெயர்போனது. கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில், 1975 முதல் 1979 வரை, மக்கள் பட்டினி கிடந்தபோது அந்தப் பழக்கம் பரவியதாகப் பலரும் சொல்கிறார்கள். அங்கோர் வாட்டுக்கு அருகிலுள்ள சியாம் ரீப் நகரின் பப் தெருவில் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகத்தான். படம் எடுப்பதற்கே சிலர் காசு கேட்பார்கள். அந்தத் தெருவைக் கடந்து போய்விடுங்கள்.

இரவுச் சந்தைகளில் அலைவதைவிட, காலை ஆறரை மணிக்கு ஊர்ச் சந்தைக்குப் போவதே மேல் என்பது என் அனுபவம். அந்நேரத்தில் உள்ளூர் மக்கள் உண்பது நும் பாஞ்சொக். அரிசியை ஊறவைத்து அரைத்து, சற்றே புளிக்கவைத்து, கொதிநீரில் அச்சின் வழியே பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி எடுத்த சேவை அது. நம் வீட்டுச் சேவையைவிட வழவழப்பாக இருக்கும். தோளில் சுமந்து வந்த காவடிக் கூடைகளை நடைபாதையில் இறக்கிய ஓர் அம்மாள், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை என் பக்கம் தள்ளினார். சுருட்டி வைத்திருந்த சேவையில் இரண்டு சுருளைக் கிண்ணத்தில் உதிர்த்து, வெள்ளரிக்காயும் முளைகட்டிய பயறும் பச்சையாகச் சீவிய வாழைப்பூவும் தூவி, எலுமிச்சைப்புல், மஞ்சள், அரத்தை ஆகியவற்றை இடித்த விழுதில் மீனைக் கரைத்துக் கொதிக்கவைத்த குழம்பை மேலே ஊற்றினார். பச்சை வாழைப்பூவைக் கண்டு தயங்கினேன், துவர்ப்பே தெரியவில்லை. குழம்பு சுடச்சுட வராது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். பர்மா பஜார் பக்கம் நின்றுகொண்டே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கிண்ணம் ஒரே வாயில் பிடித்துவிடும்.

பன்றி இறைச்சி உண்பவரானால், கரியடுப்பில் மெல்ல வாட்டிய துண்டுகளை நொய்யரிசிச் சோற்றின் மேல் வைத்துத் தரும் பாய் சாச் ச்ருக்கையும் காலையிலேயே தேடுங்கள். ஒன்பது மணிக்குப் பல கடைகளில் சட்டி காலியாகிவிடும். மாலைக்கு நும் குரோக். அதைச் சுடும் கல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அப்படியே நம் குழிப்பணியாரக் கல். அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் வெங்காயத்தாளும் கலந்து ஊற்றி, இரண்டு அரைக்கோளங்களை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து உருண்டையாக்கித் தருகிறார்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். கம்போடியாவில் பட்டினிதானா?
*வாசகர், மயிலாப்பூர்*

பதில்: பட்டினி இல்லை, ஆனால் ஏமாற வாய்ப்புண்டு. மீனைப் புளிக்கவைத்த பிரஹோக்கும் தெளிந்த மீன் சாறும் அவர்கள் சமையலில் நமக்கு உப்பும் பெருங்காயமும் எப்படியோ அப்படி. இறைச்சி வேண்டாம் என்று நான் சொன்ன ஒரு நூடுல்ஸ் கடையில், அந்தப் பெண் துண்டுகளை ஒன்றுவிடாமல் கரண்டியால் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே கிண்ணத்தைப் புன்னகையோடு நீட்டினார். அவர் வரையில் அது சைவம். எனவே "அட் டாக் சாச்" என்று இறைச்சியை மறுப்பதோடு நிற்காமல், "அட் டாக் தெக் த்ரெய்" என்று மீன் சாற்றையும் சேர்த்து மறுக்க வேண்டும். மேலே சொன்ன நும் குரோக்கைக்கூடத் தொட்டுக்கொள்ளாமல்தான் உண்ண வேண்டும், ஏனெனில் அதன் தொட்டுகையில் மீன் சாறு இருக்கும்.

உங்களுக்கு உண்மையான துணை இனிப்புகளும் பனையும்தாம். நம் மாநில மரமான பனை அங்கே தேசிய மரம். பழுத்த பனம்பழச் சாற்றை அரிசி மாவோடும் கருப்பட்டியைப் போன்ற பனைவெல்லத்தோடும் பிசைந்து, வாழையிலையில் வைத்து அவித்த நும் அகோர் த்னோட் கிடைத்தால் விடாதீர்கள். பனம்பழ வாசனையை மறந்தே போன நம் நகரவாசிகளுக்கு அது சற்றுத் திடுக்கிட வைக்கும் சுவை. தேங்காய்ப்பாலும் பயறும் கலந்த ஒட்டரிசியை மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் சுடும் க்ரலானும் சைவம்; மூங்கிலை வாழைப்பழத் தோலைப் போல உரித்துச் சாப்பிடலாம்.

கேள்வி: வயிற்றுக் கோளாறு வராதா? பணம் எப்படிக் கொண்டுபோவது?
*வாசகர், பெரம்பூர்*

பதில்: கூடியவரை கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறங்குவதையே உண்ணுங்கள், கூட்டமுள்ள கடையில் உட்காருங்கள், இது சென்னைக்கும் பொருந்தும் விதிதான். கரும்புச் சாற்றில் போடும் ஐஸ், நடுவில் துளையுள்ள உருளையாக இருந்தால் பெரும்பாலும் ஆலையில் செய்தது. பெரிய கட்டியை உடைத்துப் போட்டால் ஐஸ் இல்லாமல் கேளுங்கள்.

அமெரிக்க டாலரும் உள்ளூர் ரியெலும் இரண்டுமே செல்லும். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல் என்று கடைக்காரர்கள் கணக்கிட்டு, டாலருக்குக் குறைவான சில்லறையை ரியெலில் தருவார்கள். ஓரம் கிழிந்த டாலர் தாளை அங்கே வாங்க மறுப்பார்கள். ஆகவே இங்கே மாற்றும்போதே ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பார்த்து, ஒரு டாலர் தாள்களாக நிறையக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.