வாசகர் கேள்வி – பதில்: வெட்டுக்காயம் எப்படி ஆறுகிறது?

கேள்வி: மீன் அரியும்போது அரிவாள்மனையில் விரல் ஆழமாக வெட்டுப்பட்டது. சில நாள்களில் தோல் மூடிக்கொண்டது. காயம்பட்ட செய்தியைச் செல்களுக்கு யார் சொல்கிறார்கள்? வேலை முடிந்தது என்பதை அவை எப்படி அறிகின்றன?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இதற்கு மூளையின் உத்தரவு எதுவும் தேவையில்லை, செல்களே தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. ஒரு செல் வெளியிடும் புரதம், இன்னொரு செல்லின் மேற்பரப்பில் அதற்கென்றே அமைந்திருக்கும் ஏற்பியில் சென்று பொருந்துகிறது. உடனே அந்தச் செல்லுக்குள் பல புரதங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டப்பட்டு, இறுதியில் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன, சில அடங்குகின்றன.

தோல் கிழிந்த சில நொடிகளிலேயே, விளிம்பில் உள்ள செல்களிலிருந்து அண்டைச் செல்களுக்குக் கால்சியம் அலை ஒன்று பரவுகிறது. இரத்தத் தட்டணுக்கள் கசிவை அடைப்பதோடு நிற்காமல், பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப். பீட்டா ஆகிய வளர்ச்சிக் காரணிகளையும் (செல்களைத் தூண்டும் செய்திப் புரதங்கள்) அங்கே கொட்டுகின்றன. இந்த அழைப்பைக் கேட்டுச் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளைத் தாக்குகின்றன. இரண்டு மூன்று நாள்களில் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் பெருகுகின்றன. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகன் மேக்ரோஃபேஜ்தான். முதலில் அழற்சியை, அதாவது காயம் சிவந்து வீங்கும் எதிர்வினையை, தூண்டி அழுக்கை விழுங்கும் அதுவே, பின்னர் தன் போக்கை மாற்றிக்கொண்டு, அழற்சியை அடக்கித் திசுவைக் கட்டச் சொல்லும் செய்திகளை அனுப்பத் தொடங்குகிறது. காயத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் சுரந்து புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை நெய்கின்றன. மேல்தோல் செல்கள் தங்கள் பிடிமானத்தைத் தளர்த்திக்கொண்டு விளிம்பிலிருந்து உள்நோக்கி ஊர்கின்றன.

மேல்தோல் செல்களைத் தூண்டும் காரணிகளில் ஒன்றான இ.ஜி.எஃப்.பை, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் அவருக்கு 1986ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் உமிழ்நீரிலும் இந்தப் புரதம் உண்டு; அதற்காக வெட்டுப்பட்ட விரலை வாயில் வைக்காதீர்கள், வாயில் உள்ள பாக்டீரியாக்களும் கூடவே காயத்துக்குள் போகும்.

நிறுத்துவதைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் மட்டும் போதாது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரும் வேண்டும் அல்லவா? இருபுறமிருந்தும் ஊர்ந்து வரும் மேல்தோல் செல்கள் ஒன்றையொன்று தொட்டவுடன், அந்தத் தொடுகையே ஊர்வதை நிறுத்தும் செய்தியாகிறது. காயத்தைச் சுருக்கி இழுத்த செல்களில் பெரும்பாலானவை வேலை முடிந்ததும் தாமாகவே மடிகின்றன. கொலாஜன் உற்பத்தி உரிய நேரத்தில் அடங்காவிட்டால் தடித்த தழும்பு உண்டாகிறது.

கேள்வி: கடல் தொழில் செய்யும் என் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. கிளிஞ்சல் கிழித்த கால் புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. வளர்ச்சிக் காரணியை மருந்தாகப் பூசினால் ஆறிவிடாதா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: அப்படி ஒரு மருந்து உண்டு. பி.டி.ஜி.எஃப். அடங்கிய பெகாப்ளெர்மின் களிம்புக்கு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்காக அமெரிக்கா 1997இல் அனுமதி அளித்தது. ஆனால் அது எதிர்பார்த்த அற்புதத்தைச் செய்துவிடவில்லை. சர்க்கரை நோயில் மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலேயே தேங்கிவிடுவதால், புரதங்களை அறுக்கும் நொதிகள் புண்ணில் மிகுந்து, உடல் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் நாம் பூசுவதையும் ஒன்றுபோலச் சிதைக்கின்றன. எனவே இரத்த ஓட்டத்தைச் சோதிப்பது, செத்த திசுவை அகற்றுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புண்ணின் மேல் உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்வது ஆகியவையே முதல் மருத்துவம்; களிம்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் தந்தையை இனியும் தாமதிக்காமல் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள். புண் ஆறும்வரை அவர் கடல்நீரில் கால் வைக்கக் கூடாது. கடல்நீரிலும் கழிமுகங்களிலும் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகளில் ஒன்று, சர்க்கரை நோயாளிகளின் புண் வழியே புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவினாலோ, கொப்புளமோ காய்ச்சலோ தோன்றினாலோ, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: புண்ணைக் காற்றாட விடுவதும் காபித்தூள் வைப்பதும் சரியா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டும் வேண்டாம். மூடி ஈரமாக வைத்த காயம், காற்றில் காயவிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மேல்தோலால் மூடப்படுவதை, ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் 1962இல் பன்றிகளிடம் காட்டினார். வளர்ச்சிக் காரணிகள் காயத்தில் ஊறும் நீரில்தான் கலந்திருக்கின்றன. செல்களும் ஈரத்தின் மேல்தான் எளிதாக ஊர்கின்றன. பொருக்குக் கட்டிவிட்டால், அவை அதன் அடியில் குடைந்து போக வேண்டியிருக்கிறது. காபித்தூளோ அந்நியப் பொருளாக உள்ளே தங்கி, அழற்சியை நீட்டிக்கிறது. ஓடும் நீரில் கழுவி, வாசலின் தடவி, சுத்தமான துணியால் மூடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.