நாலு சுரத்துக்கு ஒரு வாத்தியமா?

கேள்வி: ஏற்காட்டில் பள்ளி இசை ஆசிரியை நான். பதினொரு வருடமாக பி ஃபிளாட் கிளாரினெட் வாசிக்கிறேன். கீழ் சி வரை இறங்கும் பாஸெட் கிளாரினெட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்கி வரட்டுமா என்று சித்தப்பா கேட்கிறார். மொஸார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவை (கிளாரினெட்டும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) அவர் எழுதியபடியே வாசிக்க ஆசை. கல்யாணக் கச்சேரிக்கும் ஆகுமே. சேமிப்பு மொத்தமும் போய்விடும். வாங்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதைக்கு. உங்களிடம் ஏ கிளாரினெட், அதாவது பி ஃபிளாட்டைவிட அரைச்சுரம் தணிந்தது, இருக்கிறதா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லையே! மொஸார்ட் 1791-ல் அதை எழுதியது ஆன்டன் ஸ்டாட்லர் என்ற கிளாரினெட் கலைஞர் கையிலிருந்த வாத்தியத்துக்கு. ஏ கிளாரினெட்தான், ஆனால் நாலு அரைச்சுரம் கூடுதலாக இறங்கும். மொஸார்ட் கைப்பட எழுதிய முழுப் பிரதி இன்று இல்லை. 1801-ல் அச்சானது சாதாரண ஏ கிளாரினெட்டுக்கு மாற்றிய வடிவம். ஆக, பாஸெட்டில் வாசிப்பவர்களும் கீழ்ச்சுரங்கள் எங்கே வந்திருக்கும் என்று ஊகித்துத்தான் வாசிக்கிறார்கள்.

கல்யாணக் கச்சேரிக்கு வருவோம். இரண்டு கட்டை சுருதியில் வாசித்தால், உங்கள் பி ஃபிளாட்டின் அடிச்சுரமே மந்தர ஸட்ஜம். பாஸெட்டில் அனுமந்தர பஞ்சமம் வரை போகலாம்தான். பந்தியில் வாளி மோதும் சத்தத்தில் அந்தப் பஞ்சமம் யார் காதில் விழும்?

நானும் இந்த ஆசையில் சூடுபட்டவன். செவ்வாய்ப்பேட்டையில் பேண்டு செட்டில் இருந்தபோது, கீழ் ஈ ஃபிளாட் வரை இறங்கும் ஃபுல் போயம் (கூடுதல் சாவிகள் கொண்ட) கிளாரினெட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஒரே ஒரு அரைச்சுரம்தான் கூடுதல். கனமோ கனம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் நடந்துகொண்டே வாசித்து முடித்தபோது வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. அப்புறம் அந்தக் கடைசிச் சாவியின் பேடு, துளையை மூடும் மெத்தை, காற்றுக் கசிந்தது. சிகரெட் சுற்றும் தாளைக் கிழித்து பேடுக்கு அடியில் வைத்து, சாவியை அழுத்திக்கொண்டு மெல்ல இழுத்தேன். பேடு சரியாக மூடினால் தாளைப் பிடிக்கும்; பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. எந்தச் சுரத்துக்காகக் காசு கொடுத்தேனோ அது மட்டும் பேசவில்லை! பாஸெட்டில் இப்படி நாலு சுரம். பல மாடல்களில் அந்தச் சாவிகளும் வலது கட்டைவிரல் தலையில்தான், கனத்தைத் தாங்கும் அதே விரல்.

சித்தப்பாவிடம் நல்ல ஏ கிளாரினெட்டாகக் கேளுங்கள். ஒரு வருடம் வாசித்த பிறகும் ஆசை அடங்கவில்லையா, சரி, ஏ கிளாரினெட்டில் பொருத்த நீண்ட கீழ்ப்பகுதியை மட்டும் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். பாதி வாத்தியக் காசோடு போகும்.

இன்னொன்று. நல்ல கிளாரினெட் என்றால் ஆப்பிரிக்கக் கருமரம். சேலத்து வெயிலில் கிடந்த பெட்டியை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி, பனியில் திறந்து உடனே ஊதினால் விரிசல் விடும். பெட்டியை ஒரு மணி நேரம் மூடியே வையுங்கள். புது மரமென்றால் முதல் சில வாரம் தினம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஊதி முடித்ததும் உள்ளே துணிவிட்டுத் துடைத்துவிடுங்கள்.