செல்வந்தருக்கு என்ன இழப்பு?

கேள்வி: ஏற்றத்தாழ்வு பெருகினால் துன்பம் ஏழைகளுக்குத்தானே? மோண்ட் கியாராவில் காவலும் வேலியுமாக வாழும் செல்வந்தர்களை அது எவ்வாறு தொடும்?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: முதலில் அவர்களுடைய வணிகத்தைத் தொடும். மலேசியப் பொருளாதாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மக்களின் நுகர்வையே சார்ந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டாலும், கோலாலம்பூரில் வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் போனபின் மிஞ்சுவது சொற்பமே என்பதால், அச்சம்பளத்தை வாங்குபவர் பேரங்காடிக்குச் சென்றாலும் வெறுங்கையுடன்தான் திரும்புவார். நூறு குடும்பங்களின் வருமானத்தை ஒருவரே ஈட்டினாலும், நூறு குடும்பங்களுக்கான அரிசியையும் காலணியையும் அவர் வாங்கப்போவதில்லை. எஞ்சும் பணம் நிலத்திலும் ஆடம்பர அடுக்குமாடிகளிலும் முடங்கி விலையை ஏற்றிவிடுகிறது; அந்த வீடுகளோ வாங்க ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கின்றன.

நோய்க்கும் வேலி கிடையாது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில், கிள்ளான் வட்டாரத்தில் கையுறை ஆலைத் தொழிலாளர்களின் நெரிசலான விடுதிகளில் கோவிட் பரவி ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியபோது, கொழுத்த இலாபம் தந்துகொண்டிருந்த ஆலைகளே மூடப்பட்டன. தொழிலாளிக்குக் காற்றோட்டமான அறை கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு அந்த இழப்புக்கு முன் மிகச் சிறியது என்றே கருதுகிறேன்.

அரசியல் கொந்தளிப்பைப் பற்றி நம் நாட்டுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின்னரே, 1971-இல், புதிய பொருளாதாரக் கொள்கை வறுமை ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தது.

எனக்கு மிகுந்த வேதனை தருவது வேறொன்று. தோட்டங்களில் வேலையும் வீடும் இழந்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்த நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஐந்தாம் படிவத்தோடு (இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டோடு) படிப்பை நிறுத்தி உணவு விநியோக வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். திறமையான தொழில்நுட்பர் கிடைக்கவில்லை என்று வருந்தும் முதலாளிகள் இழந்துகொண்டிருப்பது அந்தப் பிள்ளைகளைத்தான்.