இசைத்தட்டு மூலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓ.எம்.டி. (ஆர்க்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் த டார்க்) என்ற பிரிட்டிஷ் மின்னிசைக் குழுவின் புகழ்பெற்ற பாடல்களைக் கேட்டு, ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி’ இசைத்தட்டையும் வாங்கிவிட்டேன். அதிகம் பேசப்படாத ஆல்பங்களில் அடுத்து எதைத் தேடலாம்? ‘டாஸில் ஷிப்ஸ்’ மிக அரிய தட்டு என்று சொல்லி, வியாபாரி ஒருவர் பெரிய விலை கேட்கிறார். கொடுக்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தேட வேண்டியது ‘டாஸில் ஷிப்ஸ்’தான், அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். அதிகம் பேர் அறியாத தட்டு வேறு, அரிய தட்டு வேறு. 1983 மார்ச்சில் வெளிவந்த இந்த ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம்வரை சென்றது. முந்தைய ஆல்பம் விற்றதோடு ஒப்பிட்டால் இது பெருந்தோல்விதான் என்றாலும், பழைய தட்டுச் சந்தைக்கு வந்து சேரப் போதுமான பிரதிகள் அன்றே அச்சாகிவிட்டன.

கிடைப்பதற்கு அரிதானது கிழியாத உறை. பீட்டர் சவில் வடிவமைப்பில் உருவான அந்த உறை இரண்டாக விரியக்கூடியது. அட்டையில் துளைகளும் வெட்டப்பட்டிருக்கும். நாற்பது ஆண்டுகளாக அலமாரியில் பிற தட்டுகளோடு உரசி உரசி, துளைகளின் ஓரங்களே முதலில் மடங்கிப் பிய்ந்துபோகின்றன. வியாபாரியிடம் தட்டின் படத்தைக் கேட்பதற்கு முன், உறையை விரித்து வைத்து இருபுறமும் எடுத்த படத்தைக் கேளுங்கள். ஓரங்கள் கூர்மையாக இருந்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

பெயருக்கும் அந்த அட்டைக்கும் தொடர்பு உண்டு. முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து தப்புவதற்காக, பிரிட்டிஷ் கப்பல்களின் மேல் வரிக்குதிரையின் உடலைப்போலக் கோணல்மாணலான பட்டைகளைத் தீட்டினார்கள். அப்படித் தீட்டிய கப்பல்களே ‘டாஸில் ஷிப்ஸ்’; உறையின் வடிவமைப்பும் அவற்றைத் தழுவியதுதான். கடலின் நடுவே ஒரு கப்பலை மறைத்துவிட முடியாது. ஆனால் அது எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று குறிபார்ப்பவனைக் குழப்பிவிட முடியும். லிவர்பூல் துறைமுகத்தில் நின்ற அத்தகைய கப்பல்களை எட்வர்ட் வாட்ஸ்வர்த் 1919இல் ஓவியமாகத் தீட்டினார். குழுவைத் தொடங்கிய ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் அந்தத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள விர்ரல் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பதால், அந்த ஓவியத்தின் பெயரிலிருந்தே ஆல்பத்துக்குப் பெயர் எடுத்துக்கொண்டது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

கேள்வி: அதே தட்டை இணையத்தில் வாங்கினேன். முதல் பக்கம் வானொலி இரைச்சலோடு தொடங்குகிறது. இரண்டாம் பக்கத்தில் கப்பல் சங்கு ஊதுகிறது. பிறகு ஒரே நேரத்தில் பலர் ஏதோ எண்களைச் சொல்கிறார்கள். ஊசி பழுதா, தட்டு பழுதா? (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தொடக்கத்தில் கேட்பது பிராக் வானொலியின் அடையாள இசை. நள்ளிரவில் சிற்றலை வானொலியின் குமிழைத் திருகி வெளிநாட்டு நிலையங்களைத் தேடிய தலைமுறையினர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்த ஆல்பத்தில் பாதியை விளக்கவே வேண்டியதில்லை. எண்களைச் சொல்பவை, பல நாடுகளில் தொலைபேசியில் நேரம் சொல்லும் அறிவிப்புக் குரல்கள். ‘டைம் ஸோன்ஸ்’ என்ற பகுதியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். ‘ஜெனெடிக் எஞ்சினியரிங்’ பாடலில் இயந்திரக் குரலில் பேசுவது, குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற விளையாட்டுப் பொருள்.

பாடல்களை மட்டும் பொறுக்கிக் கேட்காமல், ஏறத்தாழ 35 நிமிடங்களையும் ஒரே அமர்வில் கேட்டுப் பாருங்கள். இரைச்சலெல்லாம் அடங்கிய பிறகு ‘தி ரொமான்ஸ் ஆஃப் த டெலஸ்கோப்’ மெல்ல எழும்போதுதான், அதற்கு முன்னால் அத்தனை சத்தம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். இந்தப் பாடலும் கடைசிப் பாடலும் இதற்கு முன்பே சிறுதட்டுகளின் பின்பக்கத்தில் வெளியானவை. புதிய பாடல்கள் போதாமல் பழையவற்றை இட்டு நிரப்பினார்கள் என்று குறை சொல்வோரும் உண்டு. இடம் மாறியதால் அவை இன்னும் அழகாகிவிட்டன என்பது என் கட்சி.

கேள்வி: ஓ.எம்.டி.யின் அடுத்த ஆல்பமாக 1984இல் வந்த ‘ஜங்க் கல்ச்சர்’ சேகரிக்கத் தகுந்ததா? (சேலம் வாசகர்)

பதில்: தகுந்தது. முந்தைய ஆல்பத்தில் பட்ட அடிக்குப் பிறகு, மீண்டும் மக்களை நோக்கித் திரும்பிய குழுவை அதில் கேட்கலாம். ஒலிப்பதிவின் ஒரு பகுதி கரீபியன் கடலிலுள்ள மான்ட்செராட் தீவில் நடந்தது. அந்த வெயில் தாளங்களிலும் ஏறியிருக்கிறது. முதலில் விற்ற பிரதிகளோடு, ஒரு பக்கம் மட்டும் பாடல் பதிந்த 7 அங்குலச் சிறுதட்டு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். பலரது வீட்டில் அது எப்போதோ தொலைந்துபோயிருக்கும். ஆகவே, பணம் அனுப்புவதற்கு முன், உறைக்குள் கையை விட்டுப் பார்த்துச் சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள்.