மொரிஸ் மைனர் ஹெட் கழற்றுவது: கேள்வி பதில்

மொரிஸ் மைனர் காரின் 948, 1098 சிசி எஞ்சின்களில் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் இரும்பு மூடியை, கழற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கராஜில் நான் அதிகம் திறந்து மூடியது இந்த இரண்டையும்தான்.

வவுனியாவிலிருந்து: அண்ணை, 1098 மைனர். இரண்டு நாளைக்கு ஒருமுறை றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. ஹெட் காஸ்கெட் (ஹெட்டுக்கும் அடியில் இருக்கும் எஞ்சின் புளொக்குக்கும் நடுவில் போடும் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

அவசரப்படாதீர்கள் தம்பி. தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ரப்பர் குழாய் இருக்கும், பைபாஸ் ஹோஸ். கண்ணில் படாத இடம். அது வெடித்து ஒழுகுவதைக் கவனிக்காமல் ஹெட்டைத் திறந்தவர்கள் நிறையப் பேர். முதலில் அதைப் பாருங்கள்.

அது நன்றாக இருந்தால், எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் போலப் படிந்திருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது றேடியேற்றருக்குள் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம், அளந்ததில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைவாகக் காட்டினால், நடுவில் காஸ்கெட் எரிந்திருக்கிறது. அப்போது கழற்றத்தான் வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து: ரொக்கரை முதலில் கழற்றிவிட்டு ஹெட் நட்டுகளைப் பிறகு கழற்றலாமா?

கூடாது. ரொக்கர் என்பது ஹெட்டின் மேல் இருந்து வால்வுகளை அழுத்தித் திறக்கும் பாகம். இந்த எஞ்சினில் ஹெட்டைப் பிடிப்பவை ஒன்பது நட்டுகள். அவற்றில் நான்கு, ரொக்கர் கால்களையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அந்த நான்கை மட்டும் முழுதாகத் தளர்த்தினால் மீதி ஐந்தும் ஒரு பக்கமாக இழுத்து ஹெட் வளைந்துபோக இடமுண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஒன்பதையும் ரொக்கரின் சிறிய நட்டுகளையும் சுற்றுக்குக் கொஞ்சமாக, மாறி மாறித் தளர்த்துங்கள்.

அதற்கு முன் பற்றறி வயரைக் கழற்றுங்கள். பழைய மைனர்களில் பிளஸ்தான் எர்த், அதாவது காரின் பொடியோடு இணைந்திருப்பது. மாற்றிய கார்களும் உண்டு, பார்த்துச் செய்யுங்கள். றேடியேற்றரை மட்டும் வடித்தால் போதாது, புளொக்கின் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் திறப்பையும் திறக்க வேண்டும். ரொக்கரைத் தள்ளும் நீளக் கம்பிகளான புஷ் ரொட்டுகளை மேலே இழுக்கும்போது சற்றுத் திருகி எடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிடிப்பில், கம்பிக்கு அடியில் இருக்கும் டப்பெற்றும் கூடவே வந்துவிடும். ஒரு மட்டையில் எட்டு ஓட்டை போட்டு இலக்கம் எழுதி, வந்த வரிசையிலேயே குத்தி வையுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: நட்டெல்லாம் கழற்றியாயிற்று, ஹெட் அசையவே இல்லை. திருப்புளியைச் செருகிக் கிளப்பலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்த இரும்பு முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் புதுக் காஸ்கெட்டும் அந்த இடத்தில் ஒழுகும். புளொக்கிலிருந்து ஹெட்டின் ஊடாக மேலே வரும் ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு ஏறியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள்.

காலையில் பிளக்குகள் பூட்டியபடியே இருக்கட்டும், கொயில் வயரைக் கழற்றிவிட்டு, முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுங்கள். உள்ளே அடைபட்ட காற்றே ஹெட்டைத் தள்ளிவிடும். புளொக்கில் தண்ணீர் மிச்சமிருந்தால் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், அதனால்தான் வடிக்கச் சொன்னேன். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டின் பக்கத்தில் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். தூக்கும்போது இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து நேர் மேலே தூக்க வேண்டும். சரித்தால் ஸ்டட்டில் இறுகிக்கொள்ளும்.

கொக்குவிலிலிருந்து: ஐயா, அப்பாவின் மைனர் தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியது. திறந்தால் உள்ளே எப்படி இருக்கும்?

உங்கள் அப்பாவின் கார் மட்டுமா தங்கச்சி? பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணமே அப்படித்தான் ஓடியது. சிறு போத்தலில் துளிப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றிக்கொண்டு இந்த எஞ்சின்கள் போன தூரம் எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் இப்போதும் திறக்கிறேன்.

பிஸ்ரன் தலையிலும் வால்விலும் கரி தடித்துப் படிந்திருக்கலாம். எரியாத மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்வதால் சிலிண்டர் தேய்ந்தும் இருக்கலாம். மேல் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், படி தட்டுப்பட்டால் அளந்து பார்க்க வேண்டும். கரியைச் சுரண்ட மரச் சீவல் போதும். பிஸ்ரன் ஓரத்தில் ஒரு வளையம் அளவு கரியை விட்டுவிடுங்கள். தேய்ந்த எஞ்சினில் எண்ணெய் மேலே ஏறாமல் தடுப்பதில் அதற்கும் பங்குண்டு.

ஹெட் வெளியில் இருக்கும்போதே எக்ஸோஸ்ட் வால்வு இருக்கைகளைப் பாருங்கள். ஈயம் இல்லாத பெற்றோலில் நீண்ட தூரம் ஓடினால் அவை உள்ளே இறங்கும். காசு இருந்தால் கடின இருக்கை போட இதுதான் நேரம்.

மன்னாரிலிருந்து: திரும்பப் பூட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்?

40 இறாத்தல்-அடி. நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றில். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் றெஞ்ச் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். வால்வு இடைவெளி, குளிரில் 0.012 அங்குலம். ஒன்பது கணக்கு ஞாபகம் வைத்தால் போதும், இரண்டு வால்வு இலக்கத்தையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கொஞ்சத் தூரம் ஓடி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி பாருங்கள், அப்புறம் இடைவெளியையும் இன்னொரு முறை.