தேர்வு நேரத்தில் உடற்பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். படிக்கவே நேரம் போதவில்லை. இந்த நிலையில் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்களே, எப்படி முடியும்?
*– மூன்றாம் ஆண்டு மாணவி*

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 20 நிமிடம் போதும், அதுவும் வெறும் நடைதான். முதல் 3 நிமிடம் சாதாரண நடை, அடுத்த 15 நிமிடம் வேக நடை, கடைசி 2 நிமிடம் வேகத்தைக் குறைத்து முடிப்பது. வேகம் சரிதானா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு தாராளமாக வந்தால் வேகம் பற்றாது. இரண்டு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதன் 2020 வழிகாட்டுதலில் இல்லை. ஆகவே நூலகத்துக்குப் படியேறிப் போவதும், ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு விறுவிறுவென்று நடப்பதும் கணக்கில் சேரும்.

எந்த நேரத்தில் நடப்பது? ஒரே பத்தியை மூன்றாம் முறை படித்தும் மண்டையில் ஏறவில்லையா, அதுதான் நேரம். அந்த 20 நிமிடத்தில் எப்படியும் படிப்பு நடக்கப் போவதில்லை.

ஏற்கெனவே பயிற்சி செய்துவருபவர்கள் தேர்வுக் காலத்தில் நிமிடங்களைப் பாதியாக்கலாம், நாள்களை வெட்ட வேண்டாம். வாரம் 4 நாள் 40 நிமிடம் ஓடியவர், அதே 4 நாளும் 20 நிமிடம் ஓடட்டும். நாள்கள் விட்டுப்போனால் மறுபடி தொடங்குவதே பெரும்பாடாகிவிடும்.

பரீட்சையை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. மனம் அமைதியாகும் என்று ஓடிப் பார்த்தேன். ஓடும்போதும் அதே படபடப்பு, வியர்வை, மூச்சிரைப்பு. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.
*– முதலாண்டு மாணவர்*

நீங்கள் கவனித்தது சரி. பதற்றத்திலும் ஓட்டத்திலும் சுரப்பது அதே அட்ரினலின் ஹார்மோன்தான். இரண்டிலும் இதயம் வேகமெடுக்கும், வியர்க்கும். பதற்றத்துக்குப் பழகிப்போனவர்கள் இந்த அறிகுறிகளையே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பயம் படபடப்பை இன்னும் கூட்டுகிறது.

உடற்பயிற்சி உங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக உதவுவதும் இதனால்தான். இதயம் வேகமெடுக்கும், சிறிது நேரத்தில் தானே தணியும், கெடுதல் ஒன்றும் நேராது என்பதை உடல் திரும்பத் திரும்ப அனுபவித்துத் தெரிந்துகொள்கிறது. அறிவுரையால் இது வராது. நேராக ஓட்டத்தில் இறங்கியதுதான் சிக்கல். படிப்படியாகப் போங்கள்.

முதல் வாரம் 2 நிமிடம் சாதாரண நடை, 1 நிமிடம் வேக நடை என்று மாற்றி மாற்றி 5 சுற்று. ஒவ்வொரு வேக நடை முடிந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. இரண்டாம் வாரம் வேக நடைக்குப் பதில் மெதுவான ஓட்டம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 20 வயதுக்கு அது 200. மிதமான பயிற்சியில் துடிப்பு ஏறக்குறைய 128 முதல் 152 வரை போகும். ஆகவே 140-ஐப் பார்த்து மிரள வேண்டாம்.

ஓடப் போகுமுன் காபி வேண்டாம். கஃபீன் தானே துடிப்பைக் கூட்டும், அதில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இதயக் கோளாறால் இறந்திருந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

உற்சாகமாக ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டாம் நாள் படி இறங்க முடியாத வலி. அத்தோடு விட்டுவிட்டேன்.

முதல் நாளே அளவு மீறியதுதான் காரணம். பழகாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்து, பிறகு தானே அடங்கும். மறுபடி தொடங்கும்போது ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது) 8, சுவரில் கை ஊன்றித் தண்டால் 8, பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) 15 விநாடி, இவற்றை 2 சுற்று செய்யுங்கள். வாரம் 2 நாள் போதும். முடித்தபோது ‘இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே’ என்று தோன்றினால் அளவு சரி. சிறுநீர் கருத்து, தசையும் வீங்கி வலித்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தேர்வு வாரத்தில் புதிதாகக் கடினப் பயிற்சியைத் தொடங்குவதும் கூடாது. கடும் பயிற்சி கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனைத் தற்காலிகமாக உயர்த்தும். தூக்கம் குறைந்த உடலுக்கு அது இன்னொரு சுமை.

இரவு 11 மணிக்குத்தான் நேரம் கிடைக்கிறது. செய்யலாமா?

மெதுவான நடையும் தசை நீட்டும் பயிற்சியும் செய்யலாம். வேக ஓட்டமும் எடை தூக்குவதும் படுக்கைக்குப் போகும் கடைசி ஒரு மணி நேரத்தில் வேண்டாம், தூக்கம் தள்ளிப்போகும்.

பல வாரங்களாக எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது. உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடுமா?

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் பல்கலைக்கழக ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இன்றே, இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துணை நிற்கும்; அதற்கு மாற்று ஆகாது. எழுந்திருக்கவே முடியாத நாளில், செய்யவில்லையே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். கதவைத் திறந்து 5 நிமிடம் வெளியே நின்றாலும் அன்றைக்கு அது போதும்.

மாணவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்படி ஊக்குவிப்பது?
*– விரிவுரையாளர்*

ஐம்பது வயதில் வரும் மாரடைப்பைப் பற்றி இருபது வயதுக்காரரிடம் பேசிப் பயனில்லை. இன்றிரவு தூக்கம் நன்றாக வரும், நாளைக் காலை தலை தெளிவாக இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். அறிவுரைக்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வாரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு?” நாளும் நேரமும் துணையும் முடிவானவர் செய்வார், ‘முயற்சி செய்கிறேன் சார்’ என்பவர் பெரும்பாலும் செய்வதில்லை. “கடைசி வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போகாமல் நேராக மைதானம்” என்று முன்பே வகுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தால் அன்றைய மாலை அதோடு முடிந்தது.

மைதானம் பல இடங்களில் அணி வீரர்கள் கையில் இருக்கிறது. பந்தையே தொட்டிராத மாணவர் அங்கே போகக் கூசுவார். வாரம் இரண்டு மாலை புதியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கச் செய்யுங்கள். விளக்கு வெளிச்சமும் பாதுகாப்பும் இருந்தால்தான் மாணவிகள் வருவார்கள். ஆய்வு மாணவரோடு நடக்கும் அரைமணி நேரச் சந்திப்பை நடந்துகொண்டே நடத்தலாம்.

வருகைப் பதிவு, மதிப்பெண், எடை பார்ப்பது மூன்றும் வேண்டாம். மதிப்பெண் வந்தால் இதுவும் இன்னொரு பரீட்சையாகிவிடும். எடைப் பேச்சு, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பயிற்சி செய்பவர்களை மேலும் சிக்கலில் தள்ளும். தேர்வு அட்டவணை வந்தபிறகு தொடங்காமல் பருவத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வொன்றில் ஒரு புதிய பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே ஒரு மாதத்தில் பழக்கமாகவில்லை என்று வருந்தும் மாணவரிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான்.