யாரும் அழுத்தாமலே எரியும் விளக்கு

கேள்வி: தோட்டப் பள்ளிப் புதிர்ப்போட்டிக்கு அர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் நான்கு அணி பஸ்ஸர் செய்தோம். மண்டபக் காற்றாடி சுவிட்சைத் தட்டினால், யாரும் அழுத்தாமலே ஓர் அணியின் விளக்கு எரிகிறது. ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நீண்ட ஒயர்தான் காரணம். பொத்தானை அழுத்தாதபோது உள்ளீட்டுப் பின்னை (ஒயர் இணையும் முனையை) 5 வோல்ட்டில் பிடித்து வைப்பது சிப்புக்குள் இருக்கும் புல்-அப் மின்தடை; அது 20 முதல் 50 கிலோ ஓம். மேசைச் சோதனைக்குப் போதும், சுவிட்சைத் தட்டும்போது 15 மீட்டர் ஒயர் இழுத்து வரும் மின் இரைச்சலுக்குத் தாங்காது. ஒவ்வோர் உள்ளீட்டுப் பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் மின்தடை, கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். இரண்டும் பலகை பக்கத்தில். பொத்தான் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. பழைய நெட்வொர்க் கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது: முறுக்கிய ஜோடியில் ஒன்று சிக்னல், மற்றது கிரவுண்ட். அழுத்தம் 5 மில்லிசெகண்ட் நீடித்தால் மட்டும் ஏற்கும்படி நிரலை மாற்றுங்கள்.

ஹாரனைப் பலகையின் பின்னில் நேராகக் கொடுத்திருந்தால் உடனே கழற்றுங்கள். ஒரு பின்னுக்கு 20 மில்லியம்பியர்தான் அளவு. ஹாரனின் மின்சாரத்தைத் தாங்கி ஆன்-ஆஃப் செய்ய இடையில் டிரான்சிஸ்டர் வேண்டும்.